பதினோரு விநாடிப் பழி

அத்தியாயம் 4

"கைய ஒடிக்கணும்க்கா" என்றாள் சரோஜா. "அந்தக் காமிராவத் திருப்பினவன் எவனா இருந்தாலும் சரி. ஆள் யாருன்னு மட்டும் நீ சொல்லு. ஒடிக்கிற வேலைய நான் பாத்துக்கிறேன்."

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது கனகம் தகவல் நிலையம். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஓடாத ஏசி. கனகம் பத்தொன்பது வருடம் கார் உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவள். கதவுப் பிடியில் மயிரிழை கீறல் இருந்தாலும் எடுத்து வெளியே வீசுகிற கண் அவளுக்கு. அந்தக் கண்ணை வைத்து இப்போது மாப்பிள்ளை வீட்டாரை விசாரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை குடிப்பானா என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. பதிலை விசாரிக்காமலே சொல்லிவிடலாம், ஆனால் அப்படிச் சொன்னால் தொழில் நடக்காது.

"ஒடிக்கதுக்கு முன்னால ஒரு டீயக் குடிங்கக்கா. வெறும் வயித்துல கை ஒடிச்சா தலை சுத்தும்" என்று டம்ளரை நீட்டினான் சுடலைக்கண்ணு. கனகத்தின் உதவியாளன். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, ஆறு வருடம் அசெம்ப்ளி லைனில் நின்று, வாய் சும்மா இராததால் மூன்று கம்பெனிகளில் சூப்பர்வைசர்களோடு முட்டிக்கொண்டு, கடைசியில் கனகத்திடம் வந்து சேர்ந்தவன். அவளிடமும் வாய் சும்மா இருப்பதில்லை. ஆனால் அவள் காதில் வாங்குவதும் இல்லை, அதனால் வண்டி ஓடுகிறது.

சரோஜா டீயைத் தொடவில்லை. போனை மேஜையில் வைத்தாள். "நீயே பாரு."

நேற்று, வியாழக்கிழமை, மண்ணூர் மைதானத்தில் நடந்த பள்ளிகளுக்கிடையிலான கபடி அரையிறுதி. மைதானத்தின் ஓரக் கம்பத்தில் ஒரு தானியங்கிக் காமிரா. ஆள் வேண்டாம், அதுவே கழுத்தைத் திருப்பி ஆட்டத்தைத் துரத்தி இணையத்தில் நேரலையாகக் காட்டும். ஷிஃப்டில் மாட்டிக்கொண்ட அப்பா அம்மாக்கள் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்கட்டும் என்று ஒரு தொழிற்சாலை வாங்கிக் கொடுத்தது.

வீடியோவில் சரோஜாவின் மகள் கவிப்பிரியா, பிளஸ் டூ படிப்பவள், மண்ணூர் அணியின் மெரூன் ஜெர்சியில் எதிரணிக் களத்துக்குள் பாடிக்கொண்டு போகிறாள். மறைமலை நகர் அணியின் மூன்று பேர் அவளைப் பிடிக்கிறார்கள். எல்லோரும் ஒரே குவியலாகச் சரிகிறார்கள். அந்த நேரம் பார்த்துக் காமிரா, கல்யாண வீட்டில் யாரோ கூப்பிட்டது போல, நிதானமாகத் தலையை இடது பக்கம் திருப்புகிறது. சாலை. கம்பெனி பஸ். நாலு பேர் இறங்கி நடக்கிறார்கள். பதினோரு விநாடி கழித்துத் தலையைத் திரும்பக் கொண்டுவரும்போது, மறைமலை நகர் கேப்டன் செல்வலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு தரையில் கிடக்கிறாள். விரலிடுக்கில் ரத்தம். பக்கத்தில் கவிப்பிரியா நிமிர்ந்து நிற்கிறாள்.

"முன் பல்லு ரெண்டு போச்சு அந்தப் பொண்ணுக்கு" என்றாள் சரோஜா. "நான் கேன்டீன்ல டம்ளர்ல போன சாச்சு வெச்சு பாத்துகினு இருந்தேன். என்கூட எங்க லைன் பொம்பளைங்க பூராவும் பாத்தாங்க. பஸ்ஸு தெரிஞ்சுது, அப்பால ரத்தம் தெரிஞ்சுது. நடுவுல இன்னா நடந்துதுன்னு ஒருத்தரும் பாக்கல. ஆனா எம் பொண்ணுதான் அடிச்சான்னு ஊரே சொல்லுது. ரவுடின்னு எழுதி வாட்ஸாப்புல அனுப்புறானுங்க. நம்ம பக்கம்தான் ஆள் வெச்சுக் காமிராவத் திருப்பி மறைச்சுட்டோம்னு சொல்லி, ஒரு வருஷம் ஆடக்கூடாதுன்னு குழு தடை போட்ருச்சு. நாளைக்கு ஃபைனல். திங்கக்கெழம காஞ்சிபுரத்துல மாவட்டத்துக்கு ஆள் எடுக்கிறாங்க. ஒரு வருஷம் போச்சுன்னா ஸ்கூல் முடிஞ்சுது, எல்லாம் முடிஞ்சுது."

"கவி இன்னா சொல்றா?"

"நான் ஒண்ணும் பண்ணலம்மான்றா. இன்னிக்கு அஞ்சு மணிக்கு மறு விசாரணை. அதுக்குள்ள எவன் திருப்பினான்னு எனக்குத் தெரியணும்."

"ஏன், நடுவர் பாக்கலியா?"

"ஒரே ஒரு நடுவர்தான்க்கா. அவரு நடுக்கோட்டப் பாத்துகினு இருந்தாராம். மத்த ரெண்டு பேரு வேணாம், அதான் காமிரா கீதேன்னு நிறுத்திட்டாங்க."

கனகம் வீடியோவை இன்னொரு முறை ஓடவிட்டாள். பிறகு எழுந்து வண்டிச் சாவியைச் சுடலைக்கண்ணுவிடம் எறிந்தாள்.

"வா, காமிராவ விசாரிப்போம்."

"அதுக்கு வாய் கெடையாதேக்கா."

"அதனாலதான் அத நம்பலாம்."

மண்ணூர் மைதானத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் மடிக்கணினியும் மின்விசிறியுமாக மணிகண்டபிரபு உட்கார்ந்திருந்தான். காமிராவைப் பராமரிக்கிற ஒப்பந்தக்காரனின் ஆள். கனகம் காமிரா என்ற வார்த்தையை எடுத்ததுமே கைகூப்பினான்.

"மேடம், திட்றதுன்னா வரிசையில வாங்க. எட்டு நாளா தூக்கம் இல்ல. மொத நாளு பால் பாட்மிண்டன். பாதி நேரம் ஒரு வெள்ளாட்டக் காட்டிச்சு."

"ஆட்டத்தக் காட்டச் சொன்னா ஆட்டக் காட்டுச்சா?" என்றான் சுடலைக்கண்ணு. "சரியாத்தானவே காட்டிருக்கு."

"சிரிப்பீங்க சார். இருங்காட்டுக்கோட்டையில நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு ஒருத்தர் தூங்காம உக்காந்து பாத்துருக்காரு. அவரு பையன் மேட்ச் பாயிண்ட் அடிக்கிறான், இது தண்ணி லாரியக் காட்டுது. போன்ல அந்த மனுசன் அழுதுட்டாரு. எங்கம்மாவத் திட்டிட்டு அப்பறம் அழுதாரு. நான் இன்னா பண்றது? எல்லாமே ஆட்டோமேட்டிக். அதுவாக் கத்துக்கும்."

"கத்துக்கிட்டுத்தான் இருக்கு, வேடிக்கை பாக்க" என்றான் சுடலைக்கண்ணு.

"நேத்து பஸ்ஸுப் பக்கம் யாரு திருப்பினது?" என்றாள் கனகம்.

"யாராலயும் திருப்ப முடியாது மேடம். கடவுச்சொல் என்கிட்டதான் கீது. நான் அப்ப சாப்பிடப் போயிருந்தேன்."

"செவ்வாய், புதன், வியாழன். மூணு நாள் பதிவையும் போடு. மத்தியானம் மூணு மணிலருந்து."

போட்டான். செவ்வாய்க்கிழமை மூன்று பன்னிரண்டுக்குக் காமிரா தலையை இடது பக்கம் திருப்பியது. புதன்கிழமை மூன்று பதிமூன்று. வியாழக்கிழமை மூன்று பன்னிரண்டு. மூன்று நாளும் சாலை, மூன்று நாளும் பஸ். மணிகண்டபிரபு வாயைத் திறந்தவன் மூட மறந்தான். எட்டு நாளாக அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வசவு வாங்கியவன் ஒரு நாளாவது மணியைப் பார்த்திருக்கலாம். ஆனால் திட்டு வாங்குகிறவன் மணியை எங்கே பார்ப்பான்?

"ஒரு தபா வந்தா அது குறை" என்றாள் கனகம். "மூணு தபா ஒரே நேரத்துல வந்தா அதுதான் அது வேல செய்ற லட்சணம். இப்ப மணி இன்னா?"

"மூணு அஞ்சு."

"சரி, நிக்கலாம்."

மைதானத்தில் நாளைய இறுதி ஆட்டத்துக்காக மண்ணூர்ப் பெண்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். தடை வாங்கிய கவிப்பிரியா அங்கே இல்லை. காமிரா அவர்கள் பின்னாலேயே சாதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மூன்று பன்னிரண்டுக்குச் சாலையில் ஹாரன் கேட்டது. கம்பெனி பஸ் நின்றது. காலை ஷிஃப்ட் முடித்த நாற்பது பேர் இறங்கி, மைதானத்தின் ஓரமாகவே குறுக்கு வழியில், பின்னாலிருக்கும் வாடகை அறைகளை நோக்கி நடந்தார்கள். காமிரா பெண்களை விட்டுவிட்டு அவர்கள் பக்கம் திரும்பியது.

கனகம் பஸ்ஸையும் பார்க்கவில்லை, காமிராவையும் பார்க்கவில்லை. சட்டைகளைப் பார்த்தாள். மெரூன் சட்டை, தோளில் மஞ்சள் பட்டை. பிறகு ஆடுகிற பெண்களைப் பார்த்தாள். மெரூன் ஜெர்சி, தோளில் மஞ்சள் பட்டை.

"பிரபு, ஜெர்சி யாரு குடுத்தது?"

"காமிரா குடுத்த அதே கம்பெனிதான் மேடம். யூனிஃபார்ம் துணி மிச்சம் கெடந்துதாம். அதுலயே தெச்சுக்..." அவன் பாதியில் நிறுத்தித் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ, நான்தான் செட் பண்ணேன்! மெரூனும் மஞ்சளும் எங்க அதிகமா கீதோ அங்க பாருன்னு."

"ஏழு பொண்ணுங்களா, நாப்பது பேரா? அதுக்கு கணக்கு நல்லா வருது."

"போச்சு" என்றான் சுடலைக்கண்ணு. "சரோஜாக்கா கம்பியத் தூக்கிட்டு நிக்கா. ஒடிக்கதுக்கு ஒரு கை கூடச் சிக்கலையே."

கனகம் மறுபடியும் செவ்வாய்க்கிழமைப் பதிவைப் போடச் சொன்னாள். அன்று லீக் ஆட்டம், இதே இரண்டு அணிகள். அந்த ஆட்டத்தில் மண்ணூர் அணியின் கலைமதிக்கு வலது கையில் இரண்டு விரல் ஒடிந்தது. எதிராளியைக் காலில் பிடித்து நிறுத்துவதில் அந்தப் பெண்ணை அடிக்க ஆளில்லை என்பார்கள். செல்வலட்சுமி வேண்டுமென்றே மிதித்தாள் என்று கலைமதி அழுதாள். காமிராவில் இல்லை என்று குழு புகாரைத் தள்ளிவிட்டது. காமிராவில் இருந்தது நாற்பத்தைந்து விநாடி பஸ் மட்டும்தான்.

"இதுல பாக்க இன்னா இருக்கு மேடம்? ஆட்டமே இல்ல."

"ஆட்டத்தப் பாக்காத. மூஞ்சியப் பாரு."

நாற்பது பேர் நடந்து வருகிறார்கள். களைத்த முகங்கள். திடீரென்று எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்புகிறது, மைதானத்தின் பக்கம். ஒருவன் கையை நீட்டிக் காட்டுகிறான். மஞ்சள் சாப்பாட்டுப் பை வைத்திருந்த ஒரு பெண் வாயில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறாள். ஒருத்தி ஏதோ கத்துகிறாள்.

"காமிரா நடந்ததக் காட்டல" என்றாள் கனகம். "ஆனா நடந்ததப் பாத்தவங்க எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சுக் காட்டியிருக்கு. கழுத்துல பேரு போட்ட அட்டையோட."

சுடலைக்கண்ணு அதற்குள் கொட்டகையை விட்டு ஓடியிருந்தான். மஞ்சள் சாப்பாட்டுப் பை மைதானத்தின் கோடியில் போய்க்கொண்டிருந்தது.

அவள் பெயர் கிளியம்மாள். சாயல்குடிக்காரி. நாற்பது வயதைத் தாண்டியவள், எட்டு மணி நேரம் நின்ற கால் வலியை மறைக்கத் தெரியாதவள். கனகம் கேட்டதும் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"பாத்தோம்தான். அந்தக் கேப்டன் புள்ள, குவியலுக்கு அடியில கெடந்த கையத் தேடிப் பிடிச்சு மிதிச்சா. தவறிப் போயி மிதிச்ச மிதி இல்ல அது. குதிகால வச்சுத் திருகுனா. நான் கத்துனேன்."

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா? நாங்க வாடகைக்கு இருக்கவுக. கேக்காம போய்ச் சொன்னா, உங்களுக்கு என்ன சோலின்னு கேப்பாக. கேட்டா சொல்லிருப்போம்."

"இன்னிக்கு அஞ்சு மணிக்குக் கேக்கப் போறாங்க. வருவீங்களா?"

"வாரேன். எங்க லைன் ஆளுகளையும் கூட்டியாறேன்." கிளியம்மாள் பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். கொஞ்சம் தயங்கினாள். "ஆனா ஒண்ணு. நேத்து எங்க எல்லாரையும் ஓ.டி. போட்டு வேலையில நிறுத்திட்டாக. பஸ்ஸுல வந்தது நாலே பேருதான். அந்த நாலு பேரும் ஒண்ணு பாத்துருக்காக. என்ன பாத்தாகன்னு எங்கிட்டக் கேக்காதீக, நான் பாக்கல. வந்தா ரெண்டு நாளு நடந்ததையும் சொல்லுவோம். ஒரு புள்ளைக்கு ஒரு நாயம், இன்னொரு புள்ளைக்கு வேற நாயம்னு எங்களால சொல்ல ஏலாது."

அவள் போன பிறகு சுடலைக்கண்ணு குதிக்காத குறை. "முடிஞ்சுதுக்கா! மிதிச்சதுக்குச் சாட்சி கெடச்சாச்சு. அந்தப் புள்ள யோக்கியத தெரிஞ்சா, நேத்து அதுவா விழுந்து பல்ல ஒடச்சுக்கிட்டுன்னு..."

 கனகம் போனில் நேற்றைய வீடியோவை மறுபடியும் ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சுடலைக்கண்ணுவின் வாய்கூடச் சற்று அடங்கியது.

"சுடல, இங்க பாரு. ரெய்டு போக வேண்டியது வேற பொண்ணு. ஒரு காலக் கோட்டுக்கு அந்தாண்ட வெச்சுட்டா. கவி அவ தோளப் புடிச்சு இழுத்துட்டு தான் போறா. ஏன்?"

"அவங்க அணிக் கேப்டன் சொல்லிருப்பா."

"கேப்டன் இந்தாண்ட திரும்பவே இல்ல. நல்லாக் கேளு, இழுக்கிறதுக்கு முன்னாடி இன்னா சத்தம் வருது?"

சுடலைக்கண்ணு போனைக் காதோடு வைத்தான். "ஹாரன். பஸ் ஹாரன்."

"கடைசியில பாரு. காமிரா திரும்பி வருது. ஒருத்தி வாயி கிழிஞ்சு கால்கிட்ட கெடக்கிறா. மத்தவங்க எல்லாரும் அவளப் பாக்கிறாங்க. கவி எங்க பாக்கிறா?"

அவன் பார்த்தான். ஊர் முழுக்கத் திமிர் என்று திட்டித் தீர்த்த அந்தப் பார்வையை முதல் முறையாக நன்றாகப் பார்த்தான். கவிப்பிரியா நேராகக் காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது திமிர் இல்லை. கடை மூடிவிட்டது என்று நினைத்து உள்ளே கை வைத்தவள், கடைக்காரன் திரும்பி வந்ததைப் பார்த்த பார்வை.

"நாப்பத்தஞ்சு விநாடி கெடைக்கும்னு நெனச்சா" என்றாள் கனகம் மெதுவாக. "ஓ.டி.ன்னு அவளுக்குத் தெரியாது. களத்துல மெரூன் மூணு பேருதான் மிச்சம், அதான் நாலு பேருக்கே காமிரா திரும்பிச்சு, அவங்க நடந்து போனதும் பதினோரு விநாடியில திரும்ப வந்துடுச்சு."

பள்ளியில் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் கவிப்பிரியா தனியாக உட்கார்ந்திருந்தாள். மெலிந்த, நெடிய பெண். முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கனகம் எதிரே நின்று, விசாரணை எதுவும் செய்யாமல், சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொன்னாள். பஸ், சட்டை, ஹாரன், பதினோரு விநாடி.

கவிப்பிரியா தலையைக் குனிந்தாள். அழப் போகிறாள் என்று கனகம் நினைத்தாள்.

"பதினொண்ணுதான்னு தெரிஞ்சிருந்தா சீக்கிரமா அடிச்சிருப்பேன்" என்றாள் கவிப்பிரியா.

சுடலைக்கண்ணு ஒரு எட்டு பின்னால் நகர்ந்தான். 

"எல்லாருக்கும் தெரியும்க்கா, மூணு பன்னெண்டுக்கு அது பஸ்ஸப் பாக்கும்னு. எங்களுக்கும் தெரியும், அவளுங்களுக்கும் தெரியும். வூட்டுக்குப் போய் அவங்கவங்க ஆட்டத்தப் போட்டுப் பாக்கிறோம்ல. பெரியவங்கதான் ஒருத்தரும் பாக்கல. அந்த நேரத்துலதான் அவ கலையோட கைய மிதிச்சா. நான் பக்கத்துல கெடந்தேன், எலும்பு சத்தம் எனக்குக் கேட்டுச்சு. குழுத் தலைவரு சுப்பராயன் சார்கிட்டப் போனோம். காமிராவுல இல்லாதது நடக்காததும்மான்னாரு. கலைக்கு அந்த ரெண்டு வெரலு இனிமே முழுசா மடங்காதாம். அவ புடிக்கிற பிடியே அந்தக் கையிலதான். சரி, காமிராவுல இல்லாதது நடக்காததுன்னா, நானும் நடக்காத ஒண்ணு பண்றேன்னு போனேன்."

"எங்கிட்டப் பொய் சொன்னியாடி?"

சரோஜா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. அவள் கை ஓங்கியது. அடிக்கவில்லை, ஓங்கிய கையாலேயே மகளின் முழங்கைப் பிளாஸ்திரியைப் பிடித்துப் பார்த்தாள். காலையிலிருந்து யாரையோ ஒடிக்க வேண்டும் என்று வளர்த்து வைத்திருந்த ஆத்திரம் வைக்க இடமில்லாமல் அவள் முகத்தில் அலைந்தது. கனகத்துக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"கேளு சரோஜா" என்றாள். "ரெண்டு வழி கீது. பஸ்ஸு கதைய மட்டும் சொன்னா போதும். அடி காமிராவுல இல்ல. கலைமதிக்கு போட்ட சட்டம்தான் செல்வலட்சுமிக்கும். தடை போயிடும், திங்கக்கெழம இவ காஞ்சிபுரம் போலாம். ஆனா செல்வலட்சுமி மிதிச்சதுக்கு ஒண்ணும் ஆகாது. அவளும் காஞ்சிபுரம் வருவா. அவள மாட்டிவிடணும்னா, பஸ்ஸுலருந்து எறங்கி அதப் பாத்த கிளியம்மாவையும் அவங்க ஆளுங்களையும் கூப்புடணும். அவங்க வந்தா ரெண்டையும் சொல்லுவாங்க, இவளும் மாட்டுவா."

"மூக்க அறுத்துக்கிட்டுத்தான் சகுனத்தத் தடுக்க முடியும்" என்றான் சுடலைக்கண்ணு. இந்த முறை கிண்டலாக அல்ல.

சரோஜா யோசிக்கவே இல்லை. "பஸ்ஸு கதைய மட்டும் சொல்லுக்கா. அவங்கள அனுப்பிச்சுடு."

"நான் பொய் சொல்ல மாட்டேன்."

"பொய் சொல்லச் சொல்லல. கேக்காததச் சொல்லாத, அவ்ளோதான்."

பத்தொன்பது வருடத்தில் ஓட்டை விழுந்த ஒரு பாகத்துக்குக்கூடப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியதில்லை கனகம். ஆனால் காமிராவில் இல்லாதது நடக்காதது என்கிற அந்தச் சட்டத்தை நினைத்தபோது அவளுக்கும் உள்ளே எரிந்தது. ஓட்டைச் சட்டம் போட்டவர்கள் அதே ஓட்டையில் கால் இடறி விழட்டும் என்று இருந்தது. சரி என்று தலையாட்டினாள்.

கவிப்பிரியா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அஞ்சு மணிக்குச் செல்வலட்சுமியும் வருவாளா?"

"வருவா."

ஐந்து மணிக்குப் பள்ளியின் பத்தாம் வகுப்பு அறையில் குழு கூடியது. தலைவர் சுப்பராயன், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், விதிப் புத்தகத்தை மேஜைமேல் சதுரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பெஞ்சில் சரோஜா, கவிப்பிரியா, கையில் கட்டோடு கலைமதி. எதிர் பெஞ்சில் உதடு வீங்கிய செல்வலட்சுமியும் அவள் பயிற்சியாளரும். கனகமும் சுடலைக்கண்ணுவும் சுவரோரம் நின்றார்கள்.

"கிளியம்மாவ அனுப்பிட்டியா?" என்று கனகம் உதடு அசையாமல் கேட்டாள்.

"போகத்தான் சொன்னேன். டீ வாங்கிக் குடுத்துட்டுத்தான் சொன்னேன். நேத்து வந்த நாலு பேரையும் சேத்துப் பதினாலு பேரு வராந்தாவுல ஊதி ஊதிக் குடிக்காவ."

கனகம் அவனை முறைத்தாள். மனதுக்குள் முறைக்கவில்லை.

மணிகண்டபிரபு மெரூன் சட்டைக் கதையைச் சொன்னான். மூன்று நாள் பதிவையும் போட்டுக் காட்டினான். சுப்பராயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யார்மீதும் கோபப்படாத மனிதர், அதுதான் அவரிடம் கோபப்பட வைக்கும் விஷயம்.

"ஆக, காமிராவை யாரும் திருப்பவில்லை. தாக்கியது பதிவாகவும் இல்லை. பதிவாகாததை இந்தக் குழு நடந்ததாக எடுத்துக்கொள்வதில்லை. செவ்வாய்க்கிழமை கலைமதிக்குச் சொன்னதைத்தான் இன்றைக்குச் செல்வலட்சுமிக்கும் சொல்கிறேன். விதி எல்லோருக்கும் ஒன்று. தடை ரத்து."

சரோஜாவின் மூச்சு அறை முழுவதும் கேட்டது.

செல்வலட்சுமி கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. எழுந்து, பெஞ்சைத் தாண்டி வரும்போது கலைமதியின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். பல் போன வாயால், கவிப்பிரியாவுக்கு மட்டும் கேட்கும்படி என்று நினைத்துச் சொன்னாள். சுவரோரம் நின்ற கனகத்துக்கும் கேட்டது.

"சரியாப் போச்சுல்ல? எனக்கு ரெண்டு பல்லு, அவளுக்கு ரெண்டு வெரலு. நான் பல்லு கட்டிக்குவேன்."

கலைமதி கட்டுப் போட்ட கையை மெதுவாகப் பெஞ்சுக்குக் கீழே எடுத்து வைத்துக்கொண்டாள்.

கவிப்பிரியா எழுந்தாள்.

"சார், நான்தான் அடிச்சேன்."

சுப்பராயன் நிமிர்ந்தார். "என்னம்மா?"

"முழங்கையால. வேணும்னேதான். ஹாரன் சத்தம் கேட்டு, காமிரா திரும்பும்னு தெரிஞ்சுதான் போனேன்."

"அம்மா, உன் தடை ரத்தாகிவிட்டது. உட்கார்."

"ரத்து பண்ணாதீங்க சார். எழுதுங்க. கவிப்பிரியா, ஒரு வருஷம்னு எழுதுங்க. எழுதிட்டுப் பேனாவ மூடாதீங்க. அடுத்து இன்னொரு பேரு கீது. அது பதிவாகலன்னு சொல்லாதீங்க, பாத்தவங்க வெளிய நிக்கிறாங்க. அவங்க என்னையும் சொல்லுவாங்க, அவளையும் சொல்லுவாங்க. என்னப் பத்தி அவங்க சொல்றத நம்புனீங்கன்னா, அவளப் பத்திச் சொல்றதையும் நம்பித்தான் ஆகணும்."

செல்வலட்சுமியின் வீங்கிய முகம் வெளுத்தது. அவள் பயிற்சியாளரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

சரோஜா மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி. திங்கக்கெழமடி, காஞ்சிபுரம்டி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினாள். கவிப்பிரியா அம்மாவைப் பார்க்கவில்லை. எதிரே நிற்கிறவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. 

சரோஜா மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெஞ்சுக்குக் கீழே ஒளிந்திருந்த கலைமதியின் கையைப் பார்த்தாள். பிடியை விட்டாள். புடவைத் தலைப்பால் ஒரு தரம் அழுந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். யாரையும் கேட்காமல் வாசலுக்கு நடந்து கதவைத் திறந்தாள். வராந்தாவில் மெரூன் சட்டைகள் டீ டம்ளரோடு எழுந்து நின்றன.

"எல்லாரும் உள்ள வாங்க" என்றாள் சரோஜா. "எம் பொண்ணு பண்ணத மொதல்ல சொல்லுங்க. அத எழுதி முடிச்ச அப்பால, செவ்வாய்க்கெழம நடந்தத ஒண்ணு விடாம சொல்லுங்க."